ஏலக்காய் மணந்த கார்

"பொட்டப்பிள்ளைக்குக் காரைப் பத்தி என்ன தெரியும்?" என்று என் தாய்மாமா கேட்டது, கம்பத்தில் எங்கள் வீட்டு வாசலில், ஒரு வெள்ளைக் காருக்கு முன்னால் வைத்து. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. தெருவுக்கே கேட்கும்படிதான் கேட்டார்.

அப்பா அதுவரை ஓட்டியதெல்லாம் அடுத்தவருடைய ஜீப். ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை விடிவதற்குள் ஏற்றிக்கொண்டு மலையேறுவார், சாயங்காலம் கொண்டுவந்து இறக்குவார். சொந்தமாக ஒரு கார் வாங்கி வாடகைக்கு ஓட்ட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. அந்த வருடம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் பெருவெள்ளம். அங்கிருந்து கார்கள் மலிவாக இறங்கின. ஏன் மலிவு என்று யாரும் கேட்கவில்லை. மாமா ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார்.

கதவைத் திறந்ததும் ஏலக்காய் மணம் குப்பென்று அடித்தது. "ஏலக்கா யாவாரி வச்சிருந்த வண்டி மச்சான். பூப்போல வச்சிருந்தாக," என்றார் மாமா. எங்கள் ஊரில் ஏலக்காய் மணந்தால் அது வசதியான வீட்டுப் பொருள். அதற்கு மேல் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை. அம்மா எலுமிச்சம்பழங்களோடு தயாராக நின்றாள்.

நான் முன்சீட்டில் ஏறி பெல்ட்டை இழுத்தேன். பள்ளிக்கூடத்தில் பெல்ட் போடச் சொல்லியிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான்.

"படிச்ச புள்ள பெல்ட்டு போடுது பாருங்க. பிளேனு கெளம்பப் போகுது," என்றார் மாமா. தெரு சிரித்தது. வீம்புக்குக் கடைசிவரை இழுத்தேன். வெளியே கறுப்பாக இருந்த பெல்ட், உள்ளே சுருண்டிருந்த இடத்தில் மண் நிறத்தில் இருந்தது. முகர்ந்து பார்த்தேன். தண்ணீர் வற்றிய வாய்க்காலின் வாடை.

"அப்பா, இது தண்ணிக்குள்ள கெடந்த வண்டி."

அப்போதுதான் மாமா அந்தக் கேள்வியைக் கேட்டார். அப்பா குனிந்து பெல்ட்டைப் பார்த்தார். "சும்மா இரு ஆத்தா," என்று அதை மெல்ல உள்ளே விட்டார். நான் சும்மா இருக்கவில்லை. சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கும்போதும் சொன்னேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

சில வாரங்கள் கழித்து, மழையில் குமுளிக்குப் போனோம். லோயர் கேம்ப் தாண்டியதும் ஒரு கொண்டை ஊசி வளைவில் இன்ஜின், விளக்கு, வைப்பர் எல்லாம் ஒன்றாக நின்றன. கார் பின்னால் உருண்டது. பின்னால் பஸ். அப்பா ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடிக்க, அம்மாவும் நானும் இறங்கி ஓடிச் சக்கரத்துக்குக் கல் வைத்தோம்.

"வயரெல்லாம் அரிச்சுப்போச்சுண்ணே," என்றார் மேலே வந்து பார்த்த மெக்கானிக். "வெள்ளத்துல முழுகுன வண்டி. இன்சூரன்ஸ்காரக அப்பவே மொத்த நஷ்டம்னு கழிச்சு வித்திருப்பாக. அங்கன எவனோ கழுவித் தொடச்சுத் தள்ளிவிட்டுட்டான்."

"ஆர்.சி. புக்குல ஒண்ணும் இல்லையே," என்றாள் அம்மா.

"அதுல எல்லாம் எழுத மாட்டாகக்கா. பழைய இன்சூரன்ஸத் தோண்டிக் கேட்டிருக்கணும்."

அப்பா நனைந்துகொண்டே என்னைப் பார்த்தார். "நீ சொன்னப்பவே எனக்கும் அந்த வாடை அடிச்சுச்சு ஆத்தா. ஏலக்கா வாடைன்னே நெனச்சுக்கிட்டேன்."

அது எனக்கு அன்று விளங்கவில்லை. தெரிந்தே ஒருவர் எப்படி வாங்குவார்? தினமும் அடுத்தவர் சாவியை வாங்கி, அடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்து வந்தவர் கையில் சொந்தச் சாவி விழும்போது, மூக்கு சொல்வது காதில் ஏறாது என்று வளர்ந்த பிறகுதான் புரிந்தது. அவர் மறுபடி முதலாளியின் ஜீப்புக்கே போனார். "என்னையவும் ஏமாத்திப்புட்டாக," என்றதோடு மாமா ஒதுங்கிக்கொண்டார். தன் கேள்வியை மட்டும் அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவே இல்லை.

வேண்டாம், அவரிடமே இருக்கட்டும். ஆட்டோமொபைல் டிப்ளமோவில் எங்கள் வகுப்பில் நான் ஒருத்திதான் பெண், முடித்துவிட்டேன். இன்று காலை புறவழிச்சாலையில் வாடகைக்குப் பிடித்த ஷெட்டின் முன்னால் போர்டு மாட்டியாயிற்று: "பழைய கார் வாங்குமுன் இங்கே காட்டுங்கள்." கீழே என் பெயர். ஆணியடித்தது அப்பா.

முதல் வண்டி மத்தியானமே வந்துவிட்டது. கதவைத் திறந்தேன், மல்லிகை மணம். உட்கார்ந்து, பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன்.