சிரித்தால்தான் எடுக்கும்

மலிவான கேமராவுக்குப் புத்தி இருக்கக் கூடாது என்பது என் கருத்து. போன் இருக்கும்போது எதற்கு என்று எல்லாரும் சொல்லியும் கேளாமல், சட்டைப்பைக்குள் அடங்கும் பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றைக் கோவில்பட்டியில் வாங்கினேன். எதிரில் இருப்பவர் சிரித்தால் அது தானாகப் படம் எடுக்கும். சிரிக்காவிட்டால் பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் எடுக்காது. அதை மாற்றும் வழி விற்றவருக்கும் தெரியவில்லை.

எங்கள் ஆட்களோ போட்டோ என்றாலே போலீஸ் ஸ்டேஷனில் நிற்பதுபோல் நிற்பவர்கள். எங்கள் புதுவீட்டுப் பால்காய்ப்பு அன்று பெரியப்பாவிடம், "கொஞ்சம் சிரிங்களேன்" என்று கெஞ்சினேன்.

"எதுக்குலே சிரிக்கணும்? இங்கன என்ன கூத்தா நடக்கு?" என்றார்.

அவரும் கேமராவும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

போன மாதம் அவர் இறந்துபோனார். எல்லார் போனும் சொந்தக்காரர்களுக்குத் துட்டிச் சேதி சொல்வதிலேயே இருக்க, "கடைசியா ஒரு போட்டோ எடுத்துருய்யா" என்று பெரியம்மா என்னிடம் அழுதாள். நாற்காலியில் உட்காரவைத்து, வாய் திறக்காதிருக்க நாடியைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். எடுக்காது என்ற தைரியத்தில் கேமராவை நீட்டினேன்.

ப்ளாஷ் பளிச்சென்று வெட்டியது. பிறகு நிற்கவே இல்லை. துணி இழுத்ததில் கன்னம் இரண்டும் மேலேறியிருந்தன.

பெரியம்மா அழுகையை நிறுத்திவிட்டுப் படத்தைப் பார்த்தாள். "கட்டுன நாள்லருந்து எங்கிட்ட சிரிச்சதில்ல. இந்த டப்பாவப் பாத்துச் சிரிக்காரே!"

ஸ்டுடியோவில் நாடித்துணியை அழித்து, கண்ணைத் திறந்து, பெரிதாக்கி மாட்டிவிட்டோம். வருகிறவர்களெல்லாம், "என்ன சிரிச்ச முகம்!" என்கிறார்கள். விளக்கேற்றும்போது பெரியம்மாதான் இப்போது முறைக்கிறாள்.