சகலைக்கு இத்தாலி, எனக்குக் கழுகுமலை

நேற்று சகலைக்கு ஊர் சுற்றிக் காட்டினேன்!

நீட்டி முழக்குகிறேன் என்று நண்பர்கள் குறைபடுவதால் முதலிலேயே பட்டியல்:

1. கலை: கழுகுமலை.
2. சாப்பாடு: கடலை மிட்டாய், கம்மஞ்சோறு, கருவாட்டுக் குழம்பு.
3. ஒயின்: அதற்குப் பதில் பதநீர். போதை கிடையாது, குடும்பத்தோடு குடிக்கலாம்.

(நான்கு முறை சரிபார்த்தேன். என் சுபாவம் அப்படி.)

சகலை கோயம்புத்தூரில் குடியேறி நாற்பது வருடமாகிறது. போன மாதம் மகள் புண்ணியத்தில் இத்தாலி போய் வந்தார். சிலை, சாப்பாடு, ஒயின் என்று போனில் அறுநூறு படம். ஒன்று விடாமல் காட்டிவிட்டுக் கேட்டார்.

"ஒம்ம கோவில்பட்டில என்னவே இருக்கு? தீப்பெட்டியும் புழுதியும்!"

நாற்பது வருடமாக இதே கேள்வி. நான் ஒரு முறைகூடப் பதில் சொன்னதில்லை. இந்தத் தடவை விட்டால் இனி வாய் திறக்கவே முடியாது என்று ஒருநாள் திட்டம் போட்டேன். நேர அட்டவணையோடு!

காலை ஆறு மணிக்குப் பனையேறும் அண்ணாச்சியிடம் பிளாஸ்க்கோடு நின்றேன். சகலைக்குச் சிறுநீரகக் கல் வந்து போனதால், கலயத்தில் சுண்ணாம்பு தடவ வேண்டாம் என்று முந்தின நாளே கெஞ்சி வைத்திருந்தேன்.

"சார், சுண்ணாம்பு இல்லாத பதனி. இங்கனயே குடிச்சிட்டுப் போயிருங்க."

"அட்டவணையில ஒரு மணின்னு போட்டிருக்கேனே..."

"ஒரு மணிக்கா!"

சிரித்தார். ஏன் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. பிளாஸ்க்கை இறுக மூடிக் கார் டிக்கியில் வைத்தேன்.

கழுகுமலையில் ஒரே பாறையைக் குடைந்த வெட்டுவான் கோயில். வேலை முடியாமல் பாதியில் நிற்பது. சகலை அண்ணாந்து பார்த்தார்.

"என்ன சகல, கான்ட்ராக்டர் பாதில ஓடிட்டானா?"

(மூன்று பக்கம் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.)

கடலை மிட்டாய்க்குப் பல்செட் ஒத்துழைக்கவில்லை. கருவாட்டுக் குழம்புக்கு "உப்புவே" என்று ஒரே வார்த்தை.

ஒரு மணி. வேப்ப மர நிழல். மூடியைத் திருகினேன்.

புஸ்ஸென்று நுரை என் வேட்டி வரைக்கும் வந்தது! பின்னாலேயே கள் வாசனையும். சுண்ணாம்பு இல்லாத பதநீர் டிக்கிச் சூட்டில் புளித்துக் கள்ளாகியிருந்தது.

கொட்டிவிடலாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் சகலை டம்ளரை நீட்டிவிட்டார்.

ஒன்று. இரண்டு. நான்கு.

"ஏலே சகல! இத்தாலிக்காரன் என்னத்தக் கண்டான்!"

பிறகு நடந்ததை நானே நம்பவில்லை. மறுபடியும் மலையேறினார். பாதிக் கோயில் முன்னால் நின்று, "என்ன வேலைப்பாடுவே!" என்று கண்ணைத் துடைத்தார். பல்செட்டைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு கடலை மிட்டாயைச் சப்பிச் சப்பியே ஒரு பாக்கெட்டை முடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் கொழுந்தியாள் பிடித்துக்கொண்டாள்.

"அத்தான், இவியளுக்கு என்னத்தக் குடுத்தீய?"

"பதனிதாம்மா."

(காலை ஆறு மணி நிலவரப்படி அது பொய்யில்லை.)

இன்று காலை குடும்ப வாட்ஸப் குரூப்பில் சகலையின் குரல்: "கோவில்பட்டி மாதிரி ஒரு ஊரு கெடையாது! அடுத்த மாசம் ஏழு பிரண்ட்ஸோட வாரேன். அதே பதனி வேணும் சகல, அதே ஒரு மணிக்கு!"

நாற்பது வருடத்துக்குப் பிறகு ஜெயித்துவிட்டேன். ஆனாலும் மனசாட்சி உறுத்துகிறது.

மேலே மூன்றாவது புள்ளியில் "போதை கிடையாது, குடும்பத்தோடு குடிக்கலாம்" என்று எழுதியிருக்கிறேன். அது தவறு.

(கொழுந்தியாளை யாரும் டேக் செய்துவிடாதீர்கள். கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்!)