ஏழாம் நம்பர் தூண்

சித்தப்பா அங்கே முதல் நாள் வேலைக்குப் போனபோது அந்தக் கட்டடம் வெறும் பள்ளம். கான்கிரீட் சட்டி சுமக்கப் போனவர், பதினெட்டு மாடி எழும்பியதும் பராமரிப்பு ஆளாக அங்கேயே தங்கிவிட்டார். முதலாளிகளுக்கு ஆசை அடங்கவில்லை. மேலே இன்னும் நான்கு மாடி ஏற்றினார்கள். அடுத்த வருஷமே பேஸ்மென்டில், ஏழாம் நம்பர் தூணில், தலைமுடி அகலத்துக்கு ஒரு விரிசல்.

பார்க்க வந்த இன்ஜினியர் விரிசலுக்குக் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதினார். விரிசல் விரிந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் சொல்ல வேண்டும். அது சித்தப்பாவின் பொறுப்பு.

இரண்டு வருஷத்தில் உடைந்தது. சொன்னார்.

"வேற ஒட்டுய்யா. இதுக்கெல்லாமா என்கிட்ட வருவே?" என்றார் மேனேஜர்.

ஒட்டினார், புதுத் தேதியோடு. சோதனைக்கு வருகிறவர்கள் எப்போது பார்த்தாலும் முழுக் கண்ணாடிதான். உடைந்ததெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்ந்தது. ஒட்டியது உடைய அடுத்து ஒரு வருஷம், பிறகு ஏழு மாதம், பிறகு நாற்பது நாள். ஒன்பதாம் மாடியில் வேலை பார்க்கிற நான் மதியச் சாப்பாட்டுக்கு இறங்கிப் போனால், டின்னைத் திறந்து காட்டிவிட்டு மூடுவார். நானும் எதுவும் கேட்டதில்லை.

போன மாதம் அவர் மகளுக்கு, என் தங்கைக்கு, அதே கட்டடத்தில் இருபத்தோராம் மாடியில் வேலை கிடைத்தது.

"வேணாம்மா."

"ஏன்பா, நான் உங்க தலைக்கு மேலே உக்காந்தா மரியாதைக் குறைச்சலா?"

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். ஒட்டியதெல்லாம் அவர் கைதானே.

திங்கட்கிழமை புதுசு ஒட்டினார். வியாழன் காலை பத்து மணிக்கு அது நடுவில் பிளந்திருந்தது. பசை டப்பாவை எடுத்தார். வைத்தார். படியேறிப் போய்த் தீ எச்சரிக்கை மணியை அழுத்தினார்.

இருபத்திரண்டு மாடியும் தெருவில் இறங்கி நின்றது.

"எங்கேப்பா தீ? புகையைக்கூடக் காணோமே!" தங்கை சிரித்தாள்.

மேனேஜர் பாய்ந்து வந்தார். "யாரைக் கேட்டு அழுத்தினே? மூளை கலங்கிடுச்சா?"

"திங்கட்கிழமை ஒட்டினது சார். இன்னிக்கு வியாழன்."

மேனேஜர் விரல் விட்டு எண்ணினார். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கைதட்டினார். "ஒண்ணுமில்லை, மணி தப்பா அடிச்சிடுச்சு. எல்லாரும் மேலே போங்க!"

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நகர்ந்தது. மேனேஜர் மட்டும் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தபடியே பின்வாங்கி, சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றார்.

தங்கை அதைப் பார்த்துவிட்டாள். சிரிப்பு நின்றுபோயிற்று. அதற்குள் வாசலை மறித்து நின்றுவிட்ட தன் அப்பாவின் பக்கத்தில் போய் அவளும் கையை விரித்து நின்றாள். மூன்றாவது ஆளாக நான்.

"யாரும் உள்ளே போகாதீங்க," என்றார் சித்தப்பா. டின் அவர் கையில் கிலுகிலுத்தது.

"தள்ளுங்க பெரியவரே, மீட்டிங் இருக்கு," என்று முதல் ஆள் எங்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.