நாலு வயரையும் பிடுங்கிய பிறகு

படார்!

தெருவில் போன இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு ஓடினார்கள். எதிர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் பக்கெட்டைக் கீழே போட்டாள்.

பட்... பட்... படார்!

வெடிகுண்டு இல்லை. கார்.

இது நடந்தது. இதை என்னிடம் சொன்னவருக்குப் பொய் சொல்ல வராது. திட்ட மட்டும்தான் வரும். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் அடுத்த முறை உங்கள் வண்டியின் பானெட்டைத் திறக்கும்போது, பக்கத்தில் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட மாட்டீர்களா என்ன?

ஞாயிற்றுக்கிழமை. மதியம் 1.50. மழை பிடித்துக்கொள்ளப் போகிற வானம். ஆட்களுக்கு லீவு என்பதால் ஒர்க் ஷாப்பில் அவர் ஒருவர்தான் இருந்தார். இருபத்தெட்டு வருஷ மெக்கானிக். ஊரே அவரைக் 'காதுக்காரர்' என்றுதான் கூப்பிடும். முழ நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜின்மேல் வைப்பார். பிடியைக் காதில் வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். உள்ளே எந்த இடத்தில் எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் காதை விட்டால் உலகத்தில் அவருக்கு எதன்மேலும் மரியாதை கிடையாது. கம்ப்யூட்டர் என்றால் இளக்காரம். ஸ்கேனர் மாட்டிக் கோளாறு தேடுகிற எதிர்க் கடைக்காரன் என்றால் ஏளனம். வண்டியை அலங்காரம் பண்ணுகிறவன் என்றால் கேட்கவே வேண்டாம்.

வந்து நின்ற வண்டி சர்வ அலங்காரத்தோடு இருந்தது. வயிறு தரையில் இழைகிற மாதிரி தாழ்த்தியிருந்தார்கள். பின்னால் இஸ்திரி மேஜை அகலத்துக்கு ஒரு இறக்கை. கையை விட்டால் முழங்கை வரை போகிற புகைக்குழாய். இத்தனைக்கும் நடுவில் இன்ஜின் குளிர் ஜுரம் வந்தவனைப் போல உதறிக்கொண்டிருந்தது.

இன்ஜின் அணைந்தது. கதவு சாத்தும் சத்தம். டப். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. டப்.

முதல் கதவிலிருந்து இறங்கியவள் முப்பத்தைந்து வயதுப் பெண். இரண்டாவது கதவைக் காதுக்காரர் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் செருப்பு தேய்கிற சத்தம் மட்டும் கேட்டது. கூட வந்த ஆள் போலிருக்கிறது. வண்டிக்காரர்களின் முகத்தைப் பார்த்துப் பேசும் வழக்கம் அவருக்கு எப்போதுமே இல்லை.

"அண்ணே, ரொம்ப நடுங்குது."

"வண்டியா, நீங்களாம்மா?"

"ரெண்டும்தான். அஞ்சு மணிக்கு வாங்கறவர் வர்றார். நடுங்கினா எடுக்க மாட்டேன்னுட்டார். ஏழு மணிக்கு எனக்கு ரயில். இந்த வண்டியைக் கை மாத்திட்டா இந்த ஊர்ல எனக்கு வேற வேலையே இல்லை. கை மாத்தாம என்னால போகவும் முடியாது."

"இதுக்கு முன்னாடி யார் கைவெச்சது?"

"எதிர்லதான். விக்கறதுக்கு முன்னாடி ஒரு சர்வீஸ் பண்ணிடலாம்னு விட்டேன். ரெண்டு வாரமாச்சு. அதுலேர்ந்துதான் இப்படி."

"யாரு, ஸ்கேனர்க்காரனா! கரண்ட் போனா அவனுக்கு அது காரா கட்டிலான்னே தெரியாதேம்மா!" காதுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். "நாலு மணிக்கு வாங்க. வெண்ணெய் மாதிரி ஓடும். ஓடலைன்னா போர்டைக் கழட்டி அவன் வாசல்லயே மாட்டிடறேன்."

அவள் சாவியைக் கொடுத்தாள். வாடகை வீட்டை ஓனரிடம் ஒப்படைத்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். கூட வந்த ஆள் போகவில்லை. பானெட்டைத் தூக்கியபோது அந்தப் பக்கம் யாரோ குனிந்து நிற்பது ஓரக்கண்ணில் தெரிந்தது.

2.15. டிக்கியைத் திறந்து பார்த்தார். விரல் தடிமனில் ஒரு பச்சை வயர் சுருண்டு கிடந்தது. இன்ஜினையும் வண்டியின் உடம்பையும் இணைக்கிற எர்த் வயர். கம்பெனி கொடுத்த எர்த் ஏற்கெனவே இருக்கிறது. இது கூடுதலாக எவனோ செய்து மாட்டியது. ஸ்கேனர்க்காரன் தேவையில்லை என்று கழற்றிப் போட்டிருக்கிறான்.

"அவன் வாழ்க்கையில பண்ணின ஒரே நல்ல காரியம்" என்று காதுக்காரர் அதைத் தூக்கிக் குப்பை டிரம்மில் எறிந்தார்.

டங்.

பானெட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம்.

"ப்ச்."

பல்லில் நாக்கை வைத்து உறிஞ்சுகிற அந்தச் சத்தம். இதுகூடத் தெரியாதா உனக்கு, என்கிற மாதிரி.

"என்னப்பா ப்ச்சு? நீதான் மாட்டினியா?"

அந்தப் பக்கம் செருப்பு மட்டும் தேய்ந்தது.

2.40. வண்டியை ஸ்டார்ட் செய்தார். ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்து, கண்ணை மூடினார். டக டக... டக்... டக டக... டக். மிஸ் அடிக்கிறது, உள்ளே ஏதோ ஒன்று சரியாக எரியவில்லை.

"பிளக்" என்றார்.

"ப்ச்."

காதுக்காரருக்குச் சுருக்கென்றது. இன்ஜினை அணைத்து, பேசாமல் கையை நீட்டினார். எந்தச் சாமான் என்று அவர் இன்னும் சொல்லவில்லை. பிளக் கழற்றுகிற பதினாறு நம்பர் சாக்கெட் சரியாக வந்து உள்ளங்கையில் உட்கார்ந்தது. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தது போல ஜில்லென்றிருந்தது.

பரவாயில்லை, விஷயம் தெரிந்தவன்தான் என்று நினைத்துக்கொண்டார். சொல்லவில்லை. அடுத்தவரைப் பாராட்டினால் நாக்கு சுட்டுவிடும் அவருக்கு.

நாலு பிளக்கையும் மாற்றினார். உதறல் நிற்கவில்லை.

3.05. "பெட்ரோல் பீய்ச்சற இன்ஜெக்டர்லதான் அடைப்பு."

"ப்ச்."

"இந்தாப்பா, தெரிஞ்சா வாயைத் திறந்து சொல்லு. இல்ல, வெளிய போய் நில்லு. இந்த வண்டியை இப்படிச் சீரழிச்சவன் மூஞ்சியை ஒருதரம் பார்க்கணும் எனக்கு. இறக்கை வெச்சிருக்கான், இறக்கை! பறக்கப் போறானாம்!"

இன்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கியது. பானெட்டைத் தாங்கியிருந்த கம்பி கிணுகிணுவென்று ஆடியது.

வெளியே மழை ஆரம்பித்தது.

3.20. ஒரே ஒரு சோதனை பாக்கி. எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற சோதனை அது. இந்த இன்ஜினில் நாலு சிலிண்டர். ஒவ்வொன்றுக்கும் தீப்பொறி கொடுக்க ஒரு காயில், காயிலுக்கு ஒரு வயர். இன்ஜின் ஓடும்போதே ஒரு வயரைப் பிடுங்கினால் அந்தச் சிலிண்டர் செத்துவிடும், இன்ஜின் தடுமாறும். பிடுங்கியும் தடுமாறவில்லை என்றால் அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே செத்தது என்று அர்த்தம். கோளாறு அங்கேதான்.

முதல் வயரைப் பிடுங்கினார்.

தடுமாற்றம் இல்லை.

"மாட்டினான் பாரு!" என்று சிரித்தார். ஆனாலும் தொழில் தெரிந்தவர் ஒன்றோடு நிறுத்தமாட்டார். அதைத் தொங்கவிட்டபடியே இரண்டாவதைப் பிடுங்கினார்.

தடுமாற்றம் இல்லை.

சிரிப்பு நின்றது.

மூன்றாவது.

உதறல் கொஞ்சம் குறைந்தது...

நாலாவது வயரில் கை வைத்தார். அதைப் பிடுங்கினால் இன்ஜின் அணைந்தே ஆக வேண்டும். தீப்பொறி இல்லாமல் எரிய இது மந்திரமா?

பிடுங்கினார்.

நாலு வயரும் செத்த பாம்பு மாதிரி தொங்கின.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

ஓடியது மட்டுமில்லை... உதறல் இல்லாமல், ஒரே சீராக, தூங்குகிறவன் மூச்சு விடுகிற மாதிரி ஓடியது.

3.31.

காதுக்காரர் டிரைவர் சீட்டுக்கு ஓடினார். சாவியைத் திருப்பினார். உருவி எடுத்தார்.

சாவி கையில்.

இன்ஜின் நிற்கவில்லை.

"ஏம்ப்பா..." என்று கூப்பிட்டபடி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

யாரும் இல்லை.

ஒர்க் ஷாப்பின் ஒரே ஷட்டர், சாரலுக்காக அவர் பாதி இறக்கிவைத்தது அப்படியே இருந்தது. வெளியே மண் தரை நனைந்திருந்தது. ஈரத்தில் ஒரு காலடிகூட இல்லை.

பின்னால், இன்ஜின் பக்கத்திலிருந்து...

"ப்ச்."

இன்ஜின் தானாக நின்றது.

மழைச் சத்தம் மட்டும்.

பானெட்டுக்குள் பார்த்தார்.

இன்ஜின்மேல் அந்தப் பச்சை வயர் கிடந்தது. குப்பை டிரம்மில் அவர் கையாலேயே எறிந்த வயர். நேராக, நீளமாக, மாட்ட வேண்டிய இடத்தில் படுக்க வைத்திருந்தது.

வண்டியின் விளிம்பைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

உள்ளங்கையில் ஏதோ வந்து விழுந்தது.

ஜில்லென்று...

பத்து நம்பர் ஸ்பேனர். பிடியில் மஞ்சள் டேப் சுற்றியிருந்தது.

சுவரில் தொங்கும் சாமான் பலகையைப் பார்த்தார். அவருடைய பத்து நம்பர் அதன் ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

ஓடியிருக்கலாம். ஏன் ஓடவில்லை என்று இன்றுவரை அவருக்கே தெரியாது. கை தானாக வேலை செய்தது. பச்சை வயரின் ஒரு முனையை இன்ஜினில் முடுக்கினார். இன்னொரு முனையை வண்டியின் உடம்பில். அங்கே பெயிண்ட்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, கண்ணாடி மாதிரி தேய்த்து வைத்திருந்தது. முனைகளில் போல்ட் மாட்டுகிற செப்பு வளையத்தை அழுத்திச் சேர்த்திருந்த விதத்தை அப்போதுதான் கவனித்தார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர்கூட அப்படிச் செய்ததில்லை. கம்பெனி எர்த்தைத் தூக்கிப் பார்த்தார். வெளியே பளபளப்பு, உள்ளே பச்சைக் களிம்பு ஏறி அரித்துப்போயிருந்தது. அதில் கரண்ட் சரியாகப் பாயாது. அதற்காகத்தான் அந்தக் கூடுதல் வயர். எவனோ அல்ல, எல்லாம் தெரிந்த ஒருவன் மாட்டியது.

நாலு காயில் வயரையும் செருகினார். 3.47. சாவியைத் திருப்பினார்.

வெண்ணெய்.

ஒரு நாணயத்தை எடுத்து இன்ஜின்மேல் விளிம்பில் நிறுத்தினார். நாணயம் அசையவில்லை.

யாரும் 'ப்ச்' என்று சொல்லவில்லை.

காதுக்காரர் ஷட்டரை முழுசாகத் தூக்கினார். மழையில் நனைந்தபடி வாசலிலேயே நின்றார். எதிர்க் கடை திறந்திருந்தால் ஸ்கேனர்க்காரனோடுகூடப் போய் உட்கார்ந்திருப்பார்.

சரியாக நாலு மணிக்கு அவள் வந்தாள். இன்ஜின் சத்தத்தைக் கேட்டதும் குடையை மடிக்க மறந்து நின்றாள்.

"அண்ணே... பழையபடி ஓடுது!"

"உங்ககூட வந்தாரே, அவர் எங்கம்மா?"

"யாரு? நான் தனியாத்தானே வந்தேன்."

"அந்தப் பக்கக் கதவைச் சாத்தினாங்களேம்மா. என் காதால கேட்டேன். என் காது தப்பாக் கேக்காது."

"அந்தக் கதவு திறக்காதுண்ணே. எட்டு மாசமா லாக் ஜாமாகிக் கிடக்கு. என் வீட்டுக்காரர் அதைத்தான் அடுத்ததா சரி பண்றேன்னு சொல்லிட்டிருந்தார். வண்டி முழுக்க அவரே பார்த்துப் பார்த்துப் பண்ணினது. அரைகுறை வேலையோட எதையும் வெளிய விடமாட்டார். ஒருநாள் இப்படித்தான், பானெட்டைத் திறந்து வெச்சுக் குனிஞ்சிட்டிருந்தவர்... நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே சாஞ்சுட்டார்."

காதுக்காரர் கையை நீட்டி விரித்துக் காட்டினார்.

அவள் ஸ்பேனரைப் பார்த்தாள். மஞ்சள் டேப்பைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த ஸ்டூலைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள்.

"இந்த டேப்பு நான் சுத்தினது. இது எப்படி உங்ககிட்ட... கடைசியில இதுதான் அவர் கையில இருந்துச்சு. விரலைப் பிரிக்கவே முடியலை. அதோடயேதான் அடக்கம் பண்ணினோம்."

வாசலில் ஹாரன் சத்தம். வாங்குகிறவர் சீக்கிரமே வந்துவிட்டார். அவள் எழுந்திருக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினையே பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அண்ணே... நீங்க வேலை பார்க்கும்போது, பக்கத்துல 'ப்ச்'னு ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"