ஆறு கை வாத்தியாரின் அங்கி

கீரனூர் வாசகசாலை ஆண்டு விழாவுக்கு நான் எழுதிய நாடகம் 1959 மாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பங்குனி என்று சாதிப்பவர்கள் உண்டு. என் நாட்குறிப்பில் மாசி என்றுதான் இருக்கிறது. விழா நடந்த பள்ளிக்கூடத்தில் அப்போது மின்விளக்கு இல்லாததால் மாலை நான்கு மணிக்கே திரையைத் தூக்கினோம்.

கதை வேறொரு நட்சத்திர மண்டலத்தில் நடப்பது. அங்கே ஆறு கைகள் கொண்ட ஒரு வாள் வாத்தியார். கீழ்க் கைகள் தடுக்கும். நடுக் கைகள் வெட்டும். மேல் கைகள் வாளைச் சுழற்றி எதிரியைத் தயங்க வைக்கும். பூமியிலிருந்து போகும் ஒருவன் இரண்டே கைகளோடு அவரிடம் பாடம் கேட்கிறான்.

ஆறு கைகளுக்காக மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். முன்னால் திருச்சி பஸ் கண்டக்டர். முகமும் குரலும் அவருடையவை. நடுவில் பள்ளிக்கூட குமாஸ்தா. கடைசியில் கடைத்தெருத் தையற்காரர். உயரமானவர், சிலம்பம் பழகியவர் என்பதால் மேல் கைகள் அவருக்கு. மூவரையும் சேர்த்து மூடும் கறுப்பு அங்கியைத் தைத்தவரும் அவரே. பின்னால் நிற்கும் இருவரின் தலையும் அதற்குள் மறைந்துவிடும்.

விழாவுக்கு நான்கு நாள் முன்பு, ஒத்திகை முடிந்ததும் தையற்காரர் என்னிடம் வந்தார்.

"பொண்ணு வீட்டுக்காரங்க விராலிமலையிலேருந்து வாராங்கண்ணே. பொண்ணோட அப்பாவும் தாய்மாமனும். நாடகத்துலயே மாப்பிள்ளையப் பாத்துக்கிறோம்னு சொல்லிவிட்டிருக்காங்க."

"நல்லதுதானே?"

"என்ன நல்லது? நான் துணிக்குள்ளல்ல நிக்கிறேன். ஏற்கெனவே ரெண்டு எடம் தட்டிப் போச்சு."

கண்டக்டர் சிரித்தார். "என்னயப் பாத்து, மாப்பிள்ள லட்சணமா இருக்காருன்னு தட்டு மாத்திருவாங்க. நீ கவலப்படாம நில்லு."

"ஒங்களுக்குத்தான் மூணு பிள்ள இருக்கேண்ணே."

தன் தலைக்கும் ஓர் ஓட்டை வைக்கட்டுமா என்று தையற்காரர் கேட்டார். மறுத்துவிட்டேன். இரண்டாவது தலை முளைத்தால் என் கிரகமே கெட்டுப்போகும் என்றேன். அவர் அங்கியை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

விழா அன்று முன்வரிசையில் புதியவர்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் காட்சி, சண்டை. மேல் கைகள் நிமிர்ந்து, கம்பு சுற்றுவதுபோல் அட்டை வாள்களைச் சுழற்றின. ஒரே இழுப்பில் அங்கியின் பின்கழுத்துத் தையல் பிரிந்தது. கண்டக்டரின் தலைக்கு மேலே, வியர்த்து வழிந்தபடி, தையற்காரரின் தலை.

"வாத்தியாருக்கு இன்னொரு தல மொளச்சிருச்சுடோய்" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

கண்டக்டர் அசரவில்லை. "ஆம், மானிடனே. நீ தகுதி பெறும்வரை ஒளித்து வைத்திருந்தேன்" என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நான் மேடையோரம் கையெழுத்துப் பிரதியோடு கொதித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் அங்கியை வெயிலில் உலர்த்தும்போது கவனித்தேன். எல்லா இடத்திலும் இரட்டை மிஷின் தையல். பிரிந்த இடத்தில் மட்டும், அளவு பார்க்கத் தற்காலிகமாகப் போடும் நீளமான கைத்தையல். கடைக்குப் போய்க் கேட்டேன்.

மிஷினை நிறுத்தாமல், "அவசரத்துல போட்டதுண்ணே" என்றார்.

"அந்த எடத்துக்கு மட்டும் அவசரமா?"

"அங்கதானண்ணே அவசரம்."

அந்த வைகாசியில் கல்யாணம் நடந்தது. பந்தியில் பெண்ணின் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மொதல்ல, முன்னாடி நின்னவர்தான் மாப்பிள்ளன்னு நெனச்சோம். என் மச்சினனுக்குப் பிடிக்கல. ரொம்பப் பேசுறாரு, கெளம்புவோம்னுட்டாரு" என்றார். "எந்திரிக்கப் போறோம், அந்தத் தல வந்துச்சு. அதுதான் மாப்பிள்ளன்னு பக்கத்துல இருந்தவங்க சொன்னாங்க. அது பாட்டுக்குப் பேசாம வேலயப் பாத்துச்சு. திரும்ப உக்காந்துட்டோம்."