சாக்பீஸ் கோட்டுக்குள் நின்ற கார்

அடுத்த தெருவில் துணி தைக்கும் பெண் ஒருத்தி, உடைந்த மூக்குக்கண்ணாடியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஒருநாள் கண்ணாடிக்கடைக்கு வந்தாள். காதில் மாட்டும் கம்பி முறிந்திருந்தது. ஊசியில் நூல் கோக்க முடியாமல் தையல் நின்றுபோயிருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு இன்னும் கியாரண்டி இருக்கேம்மா" என்றார். பழைய கண்ணாடிகளையே ஓரம் தேய்த்துப் புது பிரேமில் பொருத்தி, துடைத்து, அவள் முகத்தில் மாட்டிச் சரிபார்த்து அனுப்பிவிட்டார். காசு வாங்கவில்லை.

கல்லாவில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்குச் சந்தேகம். "என்னங்க, அது நம்ம கடையில வாங்கின பிரேமே இல்லையே?"

"எந்தக் கடையில வாங்கினா என்ன, கியாரண்டி கியாரண்டிதானே" என்று சொல்லிவிட்டு அடுத்து வந்தவரைக் கவனிக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஆனால் கடைத்தெருவில் அவருக்கு இருந்த பெயர் வேறு. 'அடுத்த மாடல்' என்று கேட்டால்தான் கடையைக் கைகாட்டுவார்கள். எந்தப் பொருளையும் அவர் போன அன்றைக்கே வாங்கி வந்ததில்லை. மின்விசிறி வாங்கப் போனால் கடைக்காரரிடம், இதில் அடுத்தது எப்போது வருகிறது என்று கேட்பார். வரப்போகிறது என்று அவர் வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும், விசிறி இல்லாமலே கோடை கழிந்துவிடும். தெரு முழுக்கப் புதுப் போன் வைத்துக்கொண்ட பிறகும் அவர் கையில் பொத்தான் போன்தான். வந்தவர்களிடம் மனைவி சிரித்துக்கொண்டே சொல்வாள்: "இந்த மனுஷன் அவசரப்பட்டது ஒரே ஒரு தடவைதான். என்னைப் பார்த்த அன்னைக்கே சரின்னுட்டார். கொஞ்சம் பொறுத்திருந்தா அடுத்த மாடல் வந்திருக்கும்." அவர் கண்ணாடியைத் துடைத்தபடி, "திருப்பிக் கொடுக்க முடியாதுன்னு அப்ப யாரும் சொல்லல" என்பார். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். பேச்சும் பெரும்பாலும் இப்படித்தான்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு காரின்மேல் ஆசை வந்தது. பழக்கமான கண் டாக்டர் ஒருவர் ஒருநாள் மழையில் அவரைத் தம் காரில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். உயரமான, பளபளப்பான சொகுசு எஸ்யூவி. ஊரில் கொஞ்சம் வசதி வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் வாங்கியிருந்தார்கள். தலையைத் துவட்டிக்கொண்டே, "உள்ள உக்காந்தா வெளியில மழை பெய்யுதுன்னே தெரியல" என்று மட்டும் சொன்னார். பிறகு ஒரு வாரம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம், அப்பா விட்டுப்போன இடத்தை விற்றுவிடலாமா என்று மனைவியிடம் கேட்டார்.

இருவரும் ஷோரூமுக்குப் போனார்கள். விற்பனைப் பையன் கதவைத் திறந்து உட்காரவைத்து விளக்கினான். இது முழுக்கக் காரும் இல்லை, முழுக்க ஜீப்பும் இல்லை, இரண்டுக்கும் நடுவில், கிராஸ்ஓவர் என்றான். "அப்ப ரெண்டுங்கெட்டானா?" என்று மனைவி கேட்டாள். பையன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பில் மனசு இளகியோ என்னவோ, குரலைத் தாழ்த்தி அவரிடம், "சார், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. அடுத்த வருஷம் இதையே முழுசா மாத்தறாங்க" என்றான்.

அவ்வளவுதான். கையெழுத்துப் போட எடுத்த பேனா பைக்குள் திரும்பிப் போனது.

அதோடு இன்னொரு காரியமும் செய்தார். வீட்டிலிருந்த சின்னக் காரை உடனே விற்றுவிட்டார். புது வண்டி வந்தால் எல்லாரும் பழையதைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், அப்போது விலை விழுந்துவிடும், முன்னாலேயே விற்பதுதான் புத்தி என்று அவர் கணக்கு. பக்கத்து மருந்துக்கடைக்காரர்தான் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து கண்ணாடிக்கடைக்காரர் கடைக்குப் பஸ்ஸில் போய்வந்தார்.

கார் நின்ற இடம் காலியாகக் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அளவு நாடாவையும் சாக்பீஸையும் எடுத்துக்கொண்டு போய், சிமெண்டுத் தரையில் வரப்போகும் காரின் அளவுக்கு ஒரு கோடு போட்டார். நான்கு சக்கரம் வரைந்தார். முன்னிருக்கை வரும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, "இது உன் இடம்" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் அதில் துவைத்த துணியை வைத்தாள்.

புது வண்டியைப் பற்றிச் சேதி வந்துகொண்டே இருந்தது. சோதனைக்கு ஓட்டும் வண்டிகளுக்கு, வடிவம் தெரியாமலிருக்க, கறுப்பும் வெள்ளையுமாக வரி வரியாக ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார்களாம். அந்தப் படங்களைக் கலரில் அச்செடுத்து வந்து, கடையில் திருகாணி மாட்டும்போது கண்ணில் வைத்துக்கொள்ளும் சின்னப் பூதக்கண்ணாடியால் பார்ப்பார். "முன்விளக்கு பழசு மாதிரி உருட்டி முழிக்காது. கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற மாதிரி மெலிசா வரும் பாரு" என்பார். வண்டிக்குத் தூரப்பார்வை சரியில்லை போலிருக்கிறது, ஒரு கண்ணாடி போட்டுவிடுங்கள் என்று மனைவி சொல்வாள். பொத்தான் எல்லாம் போய் ஒரே பெரிய திரை வரப்போகிறது என்று சேதி வந்த அன்று மட்டும் அவருக்கு மனக்குறை. இந்த வண்டியை வாங்குகிற வயதில் எல்லாருக்கும் வெள்ளெழுத்து வந்திருக்குமே, ஏசி போடக்கூடக் கண்ணாடி தேட வேண்டுமே என்றார். பிறகு யோசித்துவிட்டு, நமக்கு வியாபாரம்தான் என்றார்.

ஒவ்வொரு சேதிக்கும் கோடு மாறியது. பழையதைத் துடைத்துப் புதிதாக வரைவார். பூந்தொட்டிகள் கோட்டுக்கு வெளியே போயின. துணிக்கொடி இடம் மாறியது. தபால்காரர்கூடக் கோட்டைச் சுற்றிக்கொண்டுதான் வருவார். சொன்ன வருடம் வந்தது. கார் வரவில்லை. சிறு தாமதம் என்றான் ஷோரூம் பையன். அடுத்த வருடமும் அதையே வேறு வார்த்தையில் சொன்னான்.

மனைவி அதைச் சிரித்தே கடத்தியிருப்பாள். ஆனால் அவளுக்கு உள்ளே ஒரு கவலை ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய அக்கா, தன் மகனோடு மலைமேல் ஒரு ஊரில் குடியேறியிருந்தாள். போய்ப் பார்க்க வேண்டும் என்று இவளுக்கு நெடுநாள் ஆசை. பஸ்ஸில் ஏறினால் முதல் வளைவிலேயே இவளுக்குக் குடலைப் புரட்டும், நாலு வளைவு தாண்டினால் ஆள் துவண்டுவிடுவாள். சின்னக் கார் கையில் இருந்தபோது, இது மலை ஏறாது, சூடாகிவிடும் என்று அவர் சொல்லிவிட்டார். புது வண்டி வந்ததும் முதல் பயணம் அக்கா வீட்டுக்குத்தான் என்று வாக்கும் கொடுத்திருந்தார்.

அந்த அக்கா ஒருநாள் போனில் சொன்னாள். கண்ணில் ஓரமெல்லாம் இருட்டிக்கொண்டு வருகிறது, ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் மட்டும் தெரிகிறது, டாக்டர் இனித் திரும்பாது என்கிறார் என்றாள். "உன் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிடாதடி. உடனே ஒரு கண்ணாடியப் பார்சல்ல போட்டுடுவார். ஏற்கெனவே நாலு அனுப்பி அலமாரியில கிடக்கு. நீ மட்டும் ஒரு நடை வந்துட்டுப் போ. உன் மூஞ்சியப் பார்த்துக்கிறேன்."

அவள் சொல்லவில்லை. தினமும் விளக்கேற்றிக் கும்பிடும்போது அக்காவின் கண்ணையும் சொல்லி, கூடவே அந்தக் காரையும் சீக்கிரம் அனுப்பிவை என்று வேண்டிக்கொண்டாள். கடவுளிடம் கார் கேட்பது அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

மூன்றாவது தடவையும் தள்ளிப்போயிற்று என்று ஷோரூமிலிருந்து சேதி வந்தது. இந்தத் தடவை ஒரு ஆறுதல், வண்டி ஒரு சாண் நீளம் கூடுகிறதாம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் குந்தி உட்கார்ந்து பின்பக்கத்துக் கோட்டைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். மனைவி வந்து, நாற்காலியிலிருந்த துணியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, அதில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் உக்காந்துட்டேன். வண்டிய எடுங்க" என்றாள்.

அவர் விளையாட்டு என்று நினைத்தார். "பெல்ட்டப் போட்டியா?"

"எங்கக்காவுக்குக் கண்ணு போயிட்டிருக்குங்க" என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அழவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே, சாலையைப் பார்த்துப் பேசுவது போலச் சொன்னாள்.

அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். எப்போதிலிருந்து, எந்தக் கண்ணில் முதலில், மருந்து விடுகிறாளா என்று கேட்டார். அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "இது நான் கண்ணாடி போட்டுத் தீர்ற விஷயம் இல்ல" என்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

மருந்துக்கடைக்காரர் வீட்டில் அப்போதுதான் காபி குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் டம்ளரை வைத்துவிட்டு, "வித்த காரையே இரவல் கேக்குற ஆளை இப்பத்தான் அண்ணே பார்க்கிறேன்" என்றார். "அடுத்த மாடல் அடுத்த மாடல்னு இருந்துட்டு, கடைசியில போன மாடலுக்கு வந்துட்டீங்களே" என்று இன்னொன்றும் சொன்னார். சொல்லிக்கொண்டே எழுந்துபோய்ச் சாவியை எடுத்து வந்தார். தண்ணீர்க் கேன் டிக்கியில் இருக்கிறது, புதன்கிழமை காலையில் மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், மருந்து எடுக்கப் போகணும் என்றார். பெட்ரோல் போடாதீர்கள், நேற்றுத்தான் நிரப்பினேன் என்பதையும் வாசல்வரை வந்து சொன்னார்.

மத்தியானத்துக்குள் கிளம்பிவிட்டார்கள். மலை ஏறாது என்று சொன்ன கார் மலை ஏறியது. வழியில் மூன்று இடத்தில் நிறுத்தி ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றினார்கள். வளைவுகளில் அவர் அவ்வளவு மெதுவாகத் திருப்பினார், பின்னால் வந்த லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோனார்கள். மனைவிக்கு ஒருதடவைகூடக் குமட்டவில்லை. ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு வந்தாள்.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். கார் சத்தம் கேட்டதே தவிர, ஆள் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. தங்கை கிட்டே போனதும் அவள் முகவாயைப் பிடித்து, வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, முதலில் கண், பிறகு மூக்கு, பிறகு வாய் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்தாள். எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பிடிக்க அவளால் முடியவில்லை. "காதோரம் நரைச்சுப்போச்சேடி. போன்ல சொல்லவே இல்ல" என்றாள்.

"நீ மட்டும் எல்லாத்தையும் சொன்னியாக்கும்" என்றாள் தங்கை.

கண்ணாடிக்கடைக்காரர் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் கடைக்குப் போய்ப் பளிச்சென்ற மஞ்சள் டேப் வாங்கி வந்து, மாடிப்படி ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒட்டினார். அக்கா உட்காரும் நாற்காலியை, வெளிச்சம் முகத்தில் அடிக்காமல் முதுகுப்பக்கமாக வரும்படி நகர்த்திப் போட்டார். வெள்ளை டம்ளர் கண்ணுக்குத் தெரியட்டும் என்று மேசையில் கருநீலத் துணி விரித்தார். அக்கா, "இந்தத் தடவை கண்ணாடி கொண்டுவரலையா?" என்று கேட்டாள். "அஞ்சாவது வந்தா அலமாரி தாங்காதுங்களே" என்றார் அவர். அக்கா சத்தமாகச் சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் கிளம்ப வேண்டியிருந்தது. தங்கையை ஒரு மாதம் விட்டுவிட்டுப் போகச் சொல்லி அக்கா கேட்டாள். மனைவிக்கு இருக்கவும் ஆசை, அவரைத் தனியே விடவும் மனமில்லை. அவரை அனுப்பிவிட்டு இருந்தாள்.

அவர் புதன்கிழமை சொன்னபடி காரைக் கொடுத்துவிட்டார், பெட்ரோலும் நிரப்பி. அதற்கு மூன்றாவது வாரம், அவள் இன்னும் மலைமேல் இருக்கும்போதே, கடையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். நெஞ்சுதான். தலை கவிழ்ந்திருந்ததைப் பார்த்து, ஏதோ திருகாணி மாட்டுகிறார் என்றே நினைத்தேன் என்று மருந்துக்கடைக்காரர் பிறகு பலமுறை சொன்னார். கஷ்டப்படுத்தாமல் கூப்பிட்டுக்கொண்டான் ஆண்டவன் என்று வந்தவர்கள் சொன்னார்கள். துணி தைக்கும் பெண்ணும் வந்தாள். அந்தக் கியாரண்டிக் கண்ணாடியைப் போட்டிருந்தாள்.

சில மாதம் கழித்து ஷோரூம் பையன் வீட்டுக்குப் போன் செய்தான். "அம்மா, வண்டி வந்தாச்சு. சாரை வந்து பார்க்கச் சொல்லுங்க." அவனுக்குத் தெரியாது.

"முன்விளக்கு மெலிசாத்தான் இருக்கா தம்பி?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா, கோடு மாதிரி இருக்கு."

"அவர் சொன்னது சரிதான்" என்றாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். கடைசியில் அவள்தான் பையனுக்கு ஆறுதல் சொல்லிப் போனை வைத்தாள்.

தரையிலிருந்த கோட்டின் முன்பக்கம் மழைச்சாரலில் போய்விட்டது. பின்பக்கத்தில் அவர் தள்ளிப் போட்ட ஒரு சாண் மட்டும் இன்னும் இருக்கிறது. அவள் அதைக் கழுவவில்லை. நாற்காலியும் அங்கேதான் கிடக்கிறது. காய்ந்த துணியை மடிக்கும்போது அதில் உட்காருவாள். அப்போது அந்தச் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வரும்.

அன்றைக்கு அவர் காரில் ஏறி, கதவைச் சாத்தி, ஜன்னலை இறக்கினார். கேஸை மூடிவையுங்கள், மாத்திரையை மறக்காதீர்கள் என்று அவள் அடுக்கிக்கொண்டே போனாள். அப்புறம், ஒரு மாதம் ரொம்ப அதிகம், இரண்டு வாரத்தில் வந்துவிடட்டுமா என்று கேட்டாள். அவர் வண்டியைக் கிளப்பிவிட்டு, வாசலில் நின்ற அக்காவை ஒருமுறை பார்த்தார்.

"அவசரப்படாத. அக்கா நிதானமாப் பார்த்து முடிக்கட்டும்" என்றார். "எனக்குத்தான் காத்திருந்து பழக்கமாச்சே."