மூன்று காருக்கு ஒரு பெல்ட்

தேன்கனிக்கோட்டை சாலையில், மனை பிரித்தும் விற்காமல் கிடந்த செம்மண் நிலத்தில்தான் ரேஸ் நடக்கும். பழைய சின்னக் கார்களை வாங்கி, பின்சீட்டையும் கண்ணாடிகளையும் கழற்றிவிட்டு, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு வெல்டிங் செய்து ஓட்டுவார்கள். ஓட்டுபவர்களில் பாதிப்பேர் சிப்காட் ஆட்கள். என் அக்காவின் கணவரும் அப்படித்தான். மற்ற நாட்களில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பாதுகாப்பு அதிகாரி. ஹெல்மெட் இல்லாமல் பைக்கில் வருகிறவனை கேட்டிலேயே திருப்பி அனுப்புகிறவர்.

அவர் குழுவில் மூன்று கார்கள். நல்ல பெல்ட் ஒன்றுதான். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு என நான்கு பட்டைகள், முனையில் கொக்கிகள். எந்தக் காரிலும் மாட்டலாம். ரேஸுக்கு முன் நடக்கும் பாதுகாப்புச் சோதனையில் முதல் கார் பாஸானதும் பெல்ட்டைக் கழற்றிப் பையில் போட்டு அடுத்த காருக்குக் கொண்டுபோவார்கள். கடைசியில் யாரிடம் நிற்கிறதோ அவருக்குத்தான் ஓட்டத்தில் பெல்ட். மற்ற இருவருக்கும் காரோடு வந்த பழைய பெல்ட். அது பாதி நேரம் பூட்டிக்கொள்ளாது. இதை யாரும் ஏமாற்று வேலையாக நினைக்கவில்லை. ஆடிட் வரும் நாளில் ஒரு பிரிவின் தீயணைப்பு சிலிண்டர் ஆடிட்டரை முந்திக்கொண்டு போய் அடுத்த பிரிவின் சுவரில் தொங்குமே, அந்தப் பழக்கம்.

அன்று மாமாவின் கார் முதலில் பாஸானது. குழுவில் புதிதாக ஓட்ட வந்த நண்பர் பையோடு காத்திருந்தார். பெல்ட்டைக் கழற்ற வேண்டாம் என்று மாமாவிடம் சொன்னேன்.

"அவன் இன்னிக்குத்தான் மொத தடவ ஓட்டுறான், மாப்ள. அவனுக்கு இல்லாம எனக்கா?"

சோதனை செய்தவரிடம் போனேன். பெங்களூரிலிருந்து வந்திருந்தார், பாதி கன்னடத்தில் பேசினார். தான் பார்த்தபோது பெல்ட் இருந்தது, வரிசையைத் தாண்டிய பிறகு நடப்பது தன் பொறுப்பல்ல என்றார். அடுத்த காரைக் கை காட்டிக் கூப்பிட்டார்.

வளைவொன்றில் மாமாவின் கார் மண்கரையில் ஏறி, ஒரு முறை உருண்டு, நேராக வந்து நின்றது. கூண்டு வளையவில்லை. உள்ளே இருந்தவரைத்தான் எதுவும் பிடித்து வைக்கவில்லை. இரண்டு விலா எலும்புகளும் தோள்பட்டை எலும்பும் போயின. முதல் தடவை ஓட்டியவர் கடைசியாக வந்தார், கீறல் இல்லை. ஆஸ்பத்திரியில் பெல்ட் இருந்த அந்தப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

சோதனை செய்தவரும் வந்தார். தானே இழுத்துப் பார்த்ததாகவும் பெல்ட் இறுக்கமாக இருந்ததாகவும் அக்காவிடம் சொன்னார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவர் போனதும் அக்கா என்னைக் கேட்டாள்.

"பெல்ட் போட்டிருந்தாராடா?"

"செக் பண்ணப்போ போட்டிருந்தாரு."

அக்கா திரும்பி நண்பர் கையிலிருந்த பையைப் பார்த்தாள். உள்ளே மாமா, "பாஸ் ஆச்சு இல்ல" என்று சிரிக்கப் பார்த்து விலாவைப் பிடித்துக்கொண்டார்.

மழைக்காலம் முடிந்து மறுபடி ரேஸ் வந்தது. போக வேண்டாம் என்று அக்கா சொல்லவில்லை, கூடவே வந்தாள். மாமாவின் கார் பாஸானது. போன தடவை முதன்முதலாக ஓட்டிய அதே நண்பர் பையோடு வந்து நின்றார். அக்கா ஓட்டுநர் பக்கக் கதவில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அஞ்சு நிமிசம்தான். அவன் பாஸாகட்டும், திரும்ப வாங்கி மாட்டிக்கிறேன்" என்றார் மாமா.

அக்கா கையை எடுக்கவில்லை.

"அண்ணா, நீங்களாவது அக்காகிட்ட சொல்லுங்க" என்றார் நண்பர் என்னிடம். சோதனை வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. அவர் வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பக்கத்துக் குழுவிடம் போனார். அவர்களிடமும் நல்ல பெல்ட் ஒன்று இருந்தது. சிரித்துப் பேசிக்கொண்டே கழற்றிக் கொடுத்தார்கள்.